சங்கப் பதவி ஆளைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சங்கம் உடைந்தால் வெளியில் வரும் கதை ஒன்றுதான்: "பொருளாளர் காசை அடிச்சிட்டார்." பழைய கொப்பிகளைப் பின்னோக்கிப் புரட்டினால், அடித்தவர் வரும்போதே கள்ளனாக வந்தவர் அல்ல என்று தெரியும். மரண வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றவர், சந்தாவுக்கு மழையில் படியேறி இறங்கியவர். அந்த நம்பிக்கையில்தான் யாரும் அவருடைய கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறோம். தேன் எடுக்க ஒருவரையே வருடக்கணக்கில் தனியாக அனுப்பியது நாங்கள்தானே.

மரண உதவிச் சங்கம், கோவில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், தொடர்மாடி முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்று ஐம்பது பேரிலிருந்து ஐந்நூறு பேர் வரை உள்ள எந்த அமைப்புக்கும் இங்கே சொல்வது பொருந்தும்.

எது கெடுக்கிறது

ரொபர்ட் கிளிட்கார்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் ஊழலை ஒரு கணக்காக எழுதினார்: அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருப்பது, அதோடு அவர் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்பது, இந்த இரண்டிலிருந்தும் கணக்குக் கேட்பாரைக் கழித்தால் மிஞ்சுவது ஊழல். இதை வைத்து உங்கள் சங்கத்தை ஒரு பின்னேரத்தில் அளந்துவிடலாம். ஒரு தாளில் நான்கு நிரல்கள் கீறுங்கள். முதலாவதில் சங்கத்தில் உள்ள ஒவ்வொரு பிடியையும் எழுதுங்கள்: காசோலைப் புத்தகம், உண்டியல் திறப்பு, ரப்பர் முத்திரை, அங்கத்தவர் பட்டியல், கூட்ட நிகழ்ச்சி நிரல், மண்டப முன்பதிவு, வட்ஸ்அப் குழு நிர்வாகம், மின்னஞ்சல் கடவுச்சொல், சிசிடிவி பதிவு. இரண்டாவதில் அது யார் கையில். மூன்றாவதில் அவர் யாரையும் கேட்காமல் என்ன செய்யலாம். நான்காவதில் செய்ததை யார், எத்தனை நாளுக்கொரு தடவை பார்க்கிறார். நான்காவது நிரல் வெறுமையாக இருக்கும் வரிகள்தான் உங்கள் வேலை. ஒரே பெயர் மூன்று வரிகளுக்கு மேல் வந்தால், அந்த மனிதர் எவ்வளவு நல்லவர் என்று வாதாடிக்கொண்டிருக்காமல் பிடிகளைப் பிரியுங்கள்.

காசுக்கு முன்பே மனம் மாறத் தொடங்கிவிடுகிறது. டேவிட் கிப்னிஸ் என்ற உளவியலாளர் 1972இல் வெளியிட்ட பரிசோதனையில் மாணவர்கள் சிலரை முகாமையாளர்களாக இருத்தினார். ஒரு பகுதியினருக்குச் சம்பளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆளை நீக்கவும் அதிகாரம் கொடுத்தார். மற்றவர்களுக்கு வாய்ப்பேச்சு மட்டும். கீழே நடந்த வேலை இரு பக்கத்துக்கும் ஒரே மாதிரித்தான் காட்டப்பட்டது. அதிகாரம் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தலையிட்டார்கள், மற்றவரின் வேலையை மட்டமாக மதிப்பிட்டார்கள், அவர்களோடு பழகுவதைத் தவிர்க்கப் பார்த்தார்கள். எங்கள் சங்கங்களில் இது எப்படி இருக்கும் என்றால், "சங்கம் முடிவெடுத்தது" என்று எழுதிவந்த செயலாளர் "நான் செய்து தந்தன்" என்று பேசத் தொடங்குவார். கேள்வி கேட்பவரை "வேலை செய்யாத ஆக்கள்தான் கதைப்பினம்" என்று வெட்டிவிடுவார். அந்த வசனம் கேட்ட மாதமே கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பார்க்கிறார்கள் என்பது தெரிந்தாலே போதும்.

காசில் கைவைப்பதற்கு மூன்று சேர வேண்டும் என்று டொனால்ட் கிறெசி, சிறையிலிருந்த கையாடல்காரர்களைப் பேட்டி கண்டு 1953இல் எழுதினார்: வெளியில் சொல்ல முடியாத பண நெருக்கடி, கைக்கெட்டும் வாய்ப்பு, மனச்சாட்சிக்குச் சொல்லும் ஒரு சமாதானம். சமாதானம் அநேகமாக "கடனாத்தானே எடுக்கிறன்" என்பதாக இருக்கும். நெருக்கடியும் சமாதானமும் அந்த ஆளின் வீட்டுக்குள், தலைக்குள் இருப்பவை. சங்கத்தின் கைக்கு எட்டுவது வாய்ப்பு ஒன்றுதான்.

காசோலை

கொழும்பில் இது அடிக்கடி நடப்பது: தலைவர் மகளிடம் லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ மூன்று மாதம் போகிறார். போகும் முதல்நாள் பொருளாளர் காசோலைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறார். "ஐயா, ஒரு பத்தில கையெழுத்தைப் போட்டு வைச்சிட்டுப் போங்கோ, தேவைப்படேக்க நான் நிரப்புறன்." தேத்தண்ணி ஆறுவதற்குள் பத்து வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து விழுந்துவிடும். இரண்டு கையெழுத்து என்று யாப்பில், அதாவது சங்கத்தின் விதிகளில், எழுதிவைத்த பாதுகாப்பு முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. இருவரும் நல்லவர்களாக இருக்கலாம். எட்டாவது காசோலை நிரப்பப்படும் நாளில் பொருளாளர் வீட்டில் என்ன நெருக்கடி இருக்கும் என்று இருவருக்குமே அன்று தெரியாது.

இதற்குச் செய்ய வேண்டியது: கையொப்ப அதிகாரத்தை மூவருக்குக் கொடுத்து, எந்த இருவரும் கையெழுத்திடலாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். மூவரில் இருவர் ஒரே குடும்பமாகவோ சம்பந்திகளாகவோ இருக்கக்கூடாது. ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாடு போனால், நிர்வாக சபைத் தீர்மானத்தோடு நான்காமவரை வங்கியில் சேர்த்துவிடுங்கள். வங்கி தீர்மானத்தின் பிரதி, அடையாள அட்டை, மாதிரிக் கையொப்பம் கேட்கும். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுபவர் பதவி இழப்பார் என்று யாப்பில் ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி பெரும்பாலும் உதவப்போவது மறுக்கத் தயங்கும் மென்மையான ஆட்களுக்கு: "யாப்பு விடாது தம்பி" என்று சொல்லித் தப்பலாம்.

இரண்டாவது கையெழுத்துக்காரர் காசோலையைத் தனியாகப் பார்க்கக்கூடாது. வவுச்சர், அதோடு இணைத்த பற்றுச்சீட்டு அல்லது விலைச்சிட்டை, செலவை அனுமதித்த கூட்டறிக்கையின் திகதி ஆகிய மூன்றும் முன்னால் இருக்க வேண்டும். கையெழுத்திட்டவுடன் விலைச்சிட்டையின் குறுக்கே "செலுத்தப்பட்டது" என்று எழுதிக் காசோலை இலக்கத்தையும் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அதே சிட்டை நான்கு மாதம் கழித்து இன்னொரு தடவை வரும். காசோலையில் குறுக்குக் கோடிட்டு, "கொண்டுவருபவருக்கு" என்ற சொல்லை வெட்டுங்கள். "காசு" என்று எழுதி எடுப்பதைச் சில்லறைச் செலவுக்கு மட்டும் வையுங்கள்.

சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான தொகை, 10,000 ரூபா என்று வைப்போம். எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் மிகுதிக் காசும் வவுச்சர்களும் சேர்ந்து 10,000 வர வேண்டும். 6,340க்கு வவுச்சர் சேர்ந்ததும் அதே 6,340ஐ மட்டும் நிரப்புங்கள். மாதத்தில் ஒருநாள், சொல்லாமல், செயலாளர் எண்ணிப் பார்க்கட்டும். "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்ற கேள்வி வரும். அதைத் தவிர்க்க, பதவியேற்ற முதல் மாதமே எண்ணத் தொடங்குங்கள். இடைநடுவில் தொடங்கினால்தான் அது சந்தேகமாகத் தெரியும்.

இணைய வங்கியில் பதிவிடுபவர் ஒருவர், அங்கீகரிப்பவர் இன்னொருவர் என்ற இரண்டு படி வசதியைக் கேட்டு வாங்குங்கள். பிறகு, இரண்டு கடவுச்சொல்லும் ஒரே போனில் இருக்கிறதா, ஒருதடவைக் குறியீட்டு எண் யாருடைய இலக்கத்துக்கு வருகிறது என்று பாருங்கள். தலைவருக்குக் கண் தெரியாது என்று அவருடைய இலக்கத்துக்குப் பதிலாகப் பொருளாளரின் இலக்கத்தைக் கொடுத்திருப்பார்கள். கையொப்பமிடாத மூன்றாம் அங்கத்தவர் ஒருவருக்கு வங்கியின் குறுஞ்செய்தி போகும்படி செய்யுங்கள்.

நிலையான வைப்புத்தான் பெரிய ஓட்டை. மரண உதவிச் சங்கத்தின் சேமிப்பில் பெரும்பகுதி அதில்தான் கிடக்கும். ஆண்டுக் கூட்டத்தில் சான்றிதழின் போட்டோக் கொப்பியைக் காட்டி முடித்துவிடுவார்கள். அசல் எங்கே, அதன் மேல் கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா, வட்டி எந்தக் கணக்குக்குப் போகிறது என்ற மூன்றையும் வங்கியிடமே எழுத்தில் கேட்டு, பதிலைக் கணக்காய்வாளருக்கு நேராக அனுப்பச் சொல்லுங்கள். பொருளாளர் கொண்டுவந்து தரும் வங்கிக் கூற்றை வைத்துக் கணக்காய்வு செய்வது, பிள்ளை திருத்திய விடைத்தாளுக்குப் புள்ளி போடுவது போன்றது.

உண்டியலும் சந்தாவும்

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு, இரண்டு வீடு. திறக்கும் நாளை முன்கூட்டியே பலகையில் எழுதுங்கள். எண்ண ஆகக் குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் நிர்வாக சபைக்கு வெளியே இருப்பவர். மேசையில் பை, கடதாசிப் பெட்டி எதுவும் வைக்கக்கூடாது. ஒவ்வொரு தாளையும் வகை பிரித்து எழுதுங்கள். இப்படி: 5000 தாள் 6 – 30,000, 1000 தாள் 41 – 41,000, 500 தாள் 38 – 19,000, 100 தாள் 212 – 21,200, 50 தாள் 97 – 4,850, 20 தாள் 305 – 6,100, சில்லறை 3,485. மொத்தம் 1,25,635. மூவரும் கையெழுத்திட்ட அந்தத் தாளின் ஒரு பிரதி அன்றே பலகையில் தொங்க வேண்டும். அடுத்த வங்கி நாளில் அதே தொகை, அதே தாள் வகைகளோடு வைப்பிலிட வேண்டும்.

தாள் வகையை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணியதில் 20 தாளும் 50 தாளும் குவிந்திருக்க, வங்கி வைப்புச் சிட்டையில் எல்லாம் 5000 தாளாக இருந்தால், இடையில் காசு வேறெங்கோ போய் மாறி வந்திருக்கிறது. தொகை சரியாக இருந்தாலும் கேளுங்கள். சந்தாவிலும் இதுதான் நடக்கும். முதல் வீட்டுச் சந்தாவை எடுத்துச் செலவழித்துவிட்டு, இரண்டாம் வீட்டுக் காசை முதல் வீட்டின் பெயரில் வைப்பிலிடுவார். இரண்டாம் வீட்டை மூன்றாம் வீட்டால் மூடுவார். இதைப் பிடிக்கப் பெரிய கணக்கறிவு வேண்டாம். பற்றுச்சீட்டுத் திகதியையும் வைப்புத் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி 3 நாள், 5 நாள், 11 நாள், 19 நாள் என்று வளர்ந்துகொண்டே போனால் அதுதான். இப்படிச் செய்பவர் விடுமுறை எடுக்கவே மாட்டார், காய்ச்சலோடும் வந்து சேர்க்கப் போவார். "எவ்வளவு அர்ப்பணிப்பு!" என்று மெச்சுவோம். வருடத்தில் ஒரு மாதமாவது வேறொருவர் சந்தா சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் தொடர் இலக்கத்தோடு அச்சிடப்பட வேண்டும். எத்தனை புத்தகம் அச்சிட்டோம் என்பதற்கு அச்சகத்தின் சிட்டையைக் கணக்காய்வாளர் பார்க்க வேண்டும். 20 புத்தகம் அச்சிட்டு 18ஐப் பதிவில் காட்டினால் மற்ற இரண்டும் யாருடைய அலுமாரியில் இருக்கின்றன என்று கேளுங்கள்.

விலைக்கோரல்

தொடர்மாடிக்கு லிப்ட் திருத்தம், ஜெனரேட்டர், வர்ணப்பூச்சு, தண்ணீர்த் தொட்டி வரும்போது பெரிய தொகை ஓடும். மூன்று விலைக்கோரல் வாங்கினோம் என்பார்கள். மூன்றையும் மேசையில் விரித்துவைத்து ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே வரி ஒழுங்கு, ஒரே கைத்தொலைபேசி இலக்கம், அடுத்தடுத்த சிட்டை இலக்கம், தோற்ற இரண்டும் வென்றதைவிட அச்சொட்டாக ஒரே வீதத்தால் கூடியிருப்பது என்று ஏதாவது கண்ணில் படும். விலைக்கோரல் கேட்பவரும் திறப்பவரும் வேலை முடிந்ததென்று உறுதிப்படுத்துபவரும் மூன்று பேராக இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

50,000க்கு மேல் சபை அனுமதி வேண்டும் என்று எல்லை வைத்தால், அதே கடையில் ஒரே வாரத்தில் 48,500, 47,000 என்று இரண்டு சிட்டை வரும். ஆகவே "ஒரே தேவைக்கு, ஒரே விநியோகத்தருக்கு, 90 நாளுக்குள்" என்று எல்லையை எழுதுங்கள். கொமிசன் வாங்குவது அரச அலுவலகத்துக்கு மட்டும் உரிய குற்றம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது.

பட்டியல், கூட்டம், பதவிக்காலம்

காசைவிட நுட்பமான களவு இங்கேதான் நடக்கிறது. ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு நாற்பது புதிய அங்கத்தவர்கள் சேர்வார்கள். எல்லாச் சந்தாவையும் ஒரே கை கட்டியிருக்கும். எனவே வாக்குரிமைப் பட்டியலைக் கூட்டத்துக்கு 60 நாள் முன்பே மூடி, எல்லோருக்கும் அனுப்புங்கள். கணக்கறிக்கையை மண்டபத்தில் வாசிப்பது வீண். சாப்பாட்டு வாசம் வரும் நேரத்தில், நிகழ்ச்சி நிரலின் கடைசியில், யார் கேள்வி கேட்பார்? 14 நாள் முன்பு அச்சில் கொடுத்து, தெரிவுக்கு முன்பே கணக்கை எடுங்கள். தெரிவு இரகசிய வாக்கில் நடக்கட்டும். கையுயர்த்தச் சொன்னால் தலைவரின் கடையில் கடன் வைத்திருப்பவர் எந்தக் கையை உயர்த்துவார் என்று சொல்லத் தேவையில்லை.

பதவிக்காலம் இரண்டு வருடம், தொடர்ந்து இரண்டு தடவை, பிறகு ஒரு தவணை இடைவெளி. பொருளாளருக்கு இன்னும் குறைவு நல்லது. தலைவராக இருந்தவர் போஷகராகி, கையொப்ப அதிகாரத்தையும் கூடவே கொண்டுபோகும் வழக்கத்தை நிறுத்துங்கள். இன்னொரு வரி அவசியம்: பதவிக்காலத்தை நீட்டும் யாப்புத் திருத்தம், அதை நிறைவேற்றும் நேரம் பதவியில் இருப்பவருக்குப் பொருந்தாது. நாட்டின் கதையையே பாருங்கள். 1978 அரசியலமைப்பு ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்று வைத்தது. 2010 செப்டெம்பரில் 18ஆம் திருத்தம் அந்த எல்லையை எடுத்தது. 2015இல் 19ஆம் திருத்தம் திருப்பிக் கொண்டுவந்தது. எல்லையை எடுக்க ஆசைப்படுவது அநேகமாக அந்த எல்லையை நெருங்கியவர்தான். பெரிய கதிரை, சின்னக் கதிரை வித்தியாசம் இதில் கிடையாது.

பதவியில் இருப்பவர் தனக்குத் தானே செய்யக்கூடியவை

சங்கக் காசையும் சொந்தக் காசையும் ஒரே பையில், ஒரே லாச்சியில் வைக்காதீர்கள். சங்கத்துக்காகக் கைக்காசைப் போட்டாலும் ஏழு நாளுக்குள் வவுச்சர் போட்டு எடுத்துவிடுங்கள். "பிறகு பார்ப்பம்" என்று சேரும் கைக்காசுதான் பின்னாளில் "எனக்குச் சங்கம் தர வேண்டியிருக்குத்தானே" என்ற சமாதானமாக மாறுகிறது. விநியோகத்தர் தரும் தீபாவளிப் பெட்டி உட்பட எதையும் ஒரு பதிவுக் கொப்பியில் எழுதி, இனிப்பைக் கூட்டத்தில் உடைத்துப் பகிருங்கள். உறவினரின் விண்ணப்பமோ கடையோ பேச்சுக்கு வந்தால், கதிரையை உபதலைவரிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள், அந்த நேரத்தைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள். அறைக்குள் இருந்துகொண்டு "நான் ஒண்டும் கதைக்கேல்லை" என்பது செல்லாது, ஏனென்றால் மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

உங்களை மறுத்துப் பேசும் ஒருவரைச் சபையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எரிச்சலூட்டுவார். மூன்று கூட்டம் தொடர்ந்து எல்லாத் தீர்மானமும் "ஏகமனதாக" என்று பதிவானால், அவர் வருவதை நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள்.

கெட்டுவிட்டது என்று தெரிந்தால்

வட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். ஆதாரம் அழிவதற்கும் நீங்கள் அவதூறு வழக்கில் மாட்டுவதற்கும் அதுதான் குறுக்குவழி. முதலில் காசேடு, வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டு அடிக்கட்டை, கூட்டறிக்கை ஆகியவற்றைப் பார்வையிட எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். 14 நாள் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் யாப்பில் சொன்ன எண்ணிக்கைக் கையெழுத்தோடு விசேட பொதுக்கூட்டம் கோருங்கள். கூட்டத்தில் ஒரே தீர்மானம் போதும்: வெளிக் கணக்காய்வாளர் நியமனம், அவர் முடிக்கும்வரை கையொப்ப அதிகார மாற்றம். அன்றே வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

விடயம் அரச நிறுவனத்தைத் தொட்டால், கொழும்பு மாநகர சபையின் அனுமதி, கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் உள்ள ஆவணம் என்று எதையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கிடைத்ததற்கான அத்தாட்சியைக் கையோடு வாங்குங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. "ஊழல் பற்றிய விபரம்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்தத் திகதிக்கும் இந்தத் திகதிக்கும் இடையில் இந்தக் கட்டடத்துக்கு வழங்கிய கடிதங்களின் பிரதிகள்" என்று கேளுங்கள். உத்தியோகத்தர் இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. முதலாவது இலஞ்சச் சட்டம் வந்த வருடமும் அதுதான், மறக்காது.

சங்கக் காசு போயிருந்தால் பொலிஸில் சொல்ல வேண்டிய சொல் "நம்பிக்கை மோசடி". தண்டனைச் சட்டக்கோவையின் 388, 389ஆம் பிரிவுகள். முறைப்பாட்டோடு யாப்பு, காசை எடுத்தவரை நியமித்த கூட்டறிக்கை, கணக்காய்வு அறிக்கை மூன்றினதும் பிரதிகள் போதும். அசல்களை ஒரு கோவையில் போட்டு, பட்டியலிட்டு, சட்டத்தரணியிடம் வையுங்கள்.

பெரும்பாலும் அதற்குமுன் யாராவது பெரியவர் ஒருவர் நடுவில் வருவார். "மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கு, காசைத் திருப்பி வைக்கிறார், உள்ளுக்குள்ள முடிச்சுவிடுவம்." இரங்கலாம், ஆனால் அந்தக் காசைக் கையில் வாங்காதீர்கள். அவருடைய கணக்கிலிருந்து சங்கக் கணக்குக்கு நேராக வரட்டும், பற்றுச்சீட்டில் "எடுத்த தொகையின் மீளளிப்பு" என்று எழுதுங்கள். முறைப்பாடு செய்யமாட்டோம் என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். அதைச் சட்டத்தரணி பார்த்த பிறகு பொதுச்சபை முடிவெடுக்கட்டும். நடுவில் வந்த பெரியவரின் பெயரும் அவர் சொன்னதும் அன்றைய கூட்டறிக்கையில் இருக்க வேண்டும்.